குடும்பத்தோடு பார்க்கும் காதல்

வத்தலக்குண்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில், பாட்டி முதல் பேரன் வரை டெலிவிஷன் முன் அமர்ந்து சிற்றூர்க் காதல் தொடர்கள் பார்க்கிறார்கள். 2011இல் விஜய் டிவியில் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி' வகைச் சரக்குத்தான். முத்தமில்லையாம், ஆகவே குடும்பத்தோடு பார்க்கலாமாம்! மாமியார் மருமகளை அறைவதை மட்டும் குழந்தைகள் பார்க்கலாம் போலும்.

அது கிடக்கட்டும். திரையில் ஜோடி சேராவிட்டால் கண்ணீர் விடும் தகப்பனார், தம் பெண் வேறு ஜாதிப் பையனை விரும்பினால் என்ன செய்வார் என்று கேட்கின்றோம். 2016 மார்ச்சில், பழனிப் பெண்ணை மணந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பழனி நமக்கு அந்நிய தேசமல்ல, தோழர்களே. காமிராவில் பதிந்த அந்த வெட்டையும் இதே டெலிவிஷனில் குடும்பத்தோடுதான் பார்த்தோம்.