கம்ப்ரசரைக் கழற்றுவதற்கு முன்

ஏர் சஸ்பென்ஷன் விளக்கு எரிகிறது என்று வண்டி வந்தால், பல பட்டறைகளில் முதலில் கழலுவது கம்ப்ரசர்தான். ஸ்கேனரும் அதற்குத் துணைபோகிறது. ‘கம்ப்ரசர் நெடுநேரம் ஓடியது, அழுத்தம் ஏறவில்லை’ என்ற பொருளில் கோடு வந்ததும் புதுசுக்கு ஆர்டர் போய்விடுகிறது. சில மாதத்தில் அதே வண்டி, அதே விளக்கு. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இருக்காது.

கம்ப்ரசர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. எங்கோ காற்று கசிகிறது; இறங்கிய முனையைத் தூக்க அது ஓயாமல் ஓடிச் சூடேறுகிறது. கூடவே இன்னொரு கேடும் நடக்கிறது. டிரையரில் இருக்கும் குருணை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வண்டி இறங்கும்போது அதே வழியாக வெளியேறும் உலர்ந்த காற்றுதான் அதை மறுபடி காயவைக்கும். கசிவுள்ள வண்டியில் அந்தக் காற்று ஓட்டை வழியே போய்விடுகிறது. குருணை ஊறி, ஈரம் வால்வு பிளாக் வரை போகிறது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இதைச் சொல்லவே வேண்டாம்.

1998இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், அதாவது டபிள்யூ 220, இதற்கு நல்ல பாடம். அதில் கம்ப்ரசர் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடிக் கருகும். பழைய ரிலேயை விட்டுவிட்டுப் புது கம்ப்ரசர் மாட்டினால் அதற்கும் அதே கதிதான். கம்ப்ரசர் விலையோடு பார்த்தால் ரிலே விலை ஒன்றுமே இல்லை; இதில் மிச்சம் பிடிப்பது வீண் கஞ்சத்தனம்.

கசிவைப் பிடிக்க இரவு முழுக்க நிறுத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. சமதரையில் நிறுத்தி, நான்கு வீலிலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் கதவு திறந்ததும் கன்ட்ரோல் யூனிட் விழித்து மட்டத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். தடயம் போயே போச்சு. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 இன்னும் விவகாரமானது. நிறுத்திய பிறகும் இடையிடையே விழித்து, தாழ்ந்த முனையின் மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் நான்கும் படுத்திருப்பதைப் பார்த்து நான்கு ஏர் ஸ்பிரிங்குக்கும் எஸ்டிமேட் போட்டுவிடாதீர்கள். சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு நிறுத்தினால் கசிகிற முனை தானே தெரியும். ஒரு முனை மட்டும் இறங்கினால் முதலில் அந்த ஸ்ட்ரட்டையும் அதற்குப் போகும் டியூபையும் பாருங்கள். ஒரு அச்சின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் சந்தேகம் வால்வு பிளாக் மேல்.

பிறகுதான் சோப்புத் தண்ணீர். ரப்பர் பெல்லோஸ் பிஸ்டன் மேல் மடியும் இடத்தில்தான் வெடிப்பு விழும். வண்டியை உயர்த்தி வைத்தால் அந்த மடிப்பு இடம் மாறிவிடும், வெடிப்பும் மூடிக்கொள்ளலாம். எனவே ஓடும் உயரத்திலும் உயர்த்திய நிலையிலும் தனித்தனியாக நுரை தடவிப் பார்க்க வேண்டும். உயர்த்திய நிலையில் மட்டும் பார்த்துவிட்டு ‘கசிவில்லை’ என்று எழுதிய ஜாப் கார்டுகள் ஏராளம்.

ஜாக்கி போடுவதற்கு முன் சஸ்பென்ஷனை ஜாக்கி மோடில் வையுங்கள். டியூபைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேனர் மூலம் காற்றை இறக்குங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகவே கூடாது. புது ஸ்ட்ரட்டில் காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை இறக்கினால் பெல்லோஸ் அன்றே மடங்கிக் கெடும். பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தாலும் இந்த விளக்கு எரியும் என்பதால் மீட்டரை முதலிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

இத்தனைக்கும் ஒரு இரவும் அரை நாளும் ஆகும். அந்த நேரத்தை இலவசமாகக் கொடுப்பதால்தான் பார்ட்ஸ் விற்றுச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. சோதனைக்கென்று பில்லில் தனி வரி போட்டு, இரவு அளவையும் காலை அளவையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.