நாற்காலியை எண்ணியா நெஞ்சைக் காப்பது?

கண்டி – குருணாகல் வீதியில், கலகெதரவின் சிறு தேநீர்க்கடைக்குள் சிகரெட் பற்றவைத்தால் குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு விதித்தது, நாமும் வரவேற்றோம். ஆனால் 30 அறைகள் கொண்ட ஹோட்டலுக்கும் 30 இருக்கைகள் கொண்ட உணவகத்துக்கும் புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்க அதே சட்டம் இடங்கொடுத்தது. ஆகா, என்னே அளவுகோல்! அவ்விடத்துக்குள் தட்டேந்திச் செல்பவன் யார்? கலகெதரவிலிருந்து கண்டி நகருக்கு வேலை தேடிப் போன உழவன் வீட்டுப் பிள்ளையல்லவா?

அவன் புகைப்பவனல்லன். ஆயினும் பிறர் விட்ட புகையிலுள்ள காபனோரொட்சைட்டு அவன் குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பறிக்கிறது. நிக்கொட்டின் துடிப்பை முடுக்குகிறது. நாடிகளின் உட்சுவர் நலிகிறது. குருதி எளிதில் உறைகிறது. ஓயாத சுமையால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கலாம். தடித்த சுவர் தளர்ந்து விரிய மறுக்கும். இத்தகையோருக்கு இதயநோய் அபாயம் 25 முதல் 30 வீதம் கூடுகிறது என்றும், தனியிடமும் காற்றோட்டமும் முழுக் காப்பாகா என்றும் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையிட்டதும் அதே 2006இல்தான்!

முதலாளியிடம் 30 நாற்காலி இருந்தால் தொழிலாளிக்கு மற்றோர் இதயம் முளைத்துவிடுமா? அந்த விலக்கைச் சட்டத்திலிருந்து அகற்றுக என்று கேட்கிறோம். நம் தொகுதிப் பிரதிநிதிகள் எந்தப் பக்கம்?