செராய்ச் சாறும் தங்க முக்கோணமும்

பண்டார் தெங்காரா வட்டாரத்தில் செராய் புல்லைப் பெரிய பொருளாக யாரும் நினைப்பதில்லை. குழம்புக்கு வேண்டுமென்றால் கொல்லையில் ஒரு குத்து இருக்கும். அதன் நெருங்கிய உறவான இன்னொரு எலுமிச்சைப் புல்லின் சாற்றை, புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு தங்க உப்புக் கரைசலில் கலந்தது. அறை வெப்பத்திலேயே தட்டையான தங்க முக்கோணங்கள் உருவாயின. 2004-இல் வெளிவந்த ஆய்வு அது. உருண்டையான தங்க நானோ துகள்கள் கரைசலைச் சிவப்பாக்கும்; முக்கோணங்களோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு விழுங்கின. உலோகம் ஒன்றுதான், வடிவம் வேறு.

அதன்பின் வேப்பிலை, துளசி, முருங்கை, பப்பாளி என இந்தியாவிலும் மலேசியாவிலும் இலைச்சாறு ஆய்வுகள் குவிந்தன. என் மனக்குறை, அவற்றில் பெரும்பாலானவை இலையை எடுத்துக்கொண்டு முக்கோணத்தைக் கைவிட்டுவிட்டன என்பதே. துகள் சிறியதாக வந்தாலே வெற்றி என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள்.

வடிவம் ஏன் முக்கியம் என்பதற்குச் செம்பனை நாட்டில் எண்ணெயை வைத்தே பதில் சொல்லலாம். எண்ணெயைக் கெட்டியாக்க நிக்கல் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்றுவது நூறாண்டுப் பழைய முறை. அரைகுறையாக ஏற்றினால் டிரான்ஸ் கொழுப்பு பிறக்கும். இயல்பிலேயே பாதி கெட்டியாக இருப்பதால் அந்தத் தொல்லை தனக்கு இல்லை என்பது செம்பனை எண்ணெயின் விற்பனைப் பெருமை. அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2009-இல் கலிபோர்னியாவில் பிரான்சிஸ்கோ சாயெராவின் குழு வேறொரு வழியைக் காட்டியது. நான்முகி வடிவப் பிளாட்டினத் துகள்கள் பியூட்டீன் என்ற சிறு மூலக்கூற்றை டிரான்ஸ் அமைப்பிலிருந்து சிஸ் அமைப்புக்குத் திருப்பின. அத்துகள்களின் முகங்களில் அணுக்கள் மிக நெருக்கமாக அமர்ந்திருப்பதே காரணம். பியூட்டீன் சமையல் எண்ணெய் ஆகாது, பிளாட்டினம் நிக்கல் விலைக்கும் வராது. ஆனாலும், எந்த முகம் வெளியே தெரிகிறதோ அதுவே வினையின் திசையைத் தீர்மானிக்கலாம் என்பது அதில் உறுதியானது.

அந்த முகத்தை வரவழைப்பது எப்படி? படிகத்தில் வேகமாக வளரும் முகம் வளர்ந்து வளர்ந்து மறைந்துவிடும். மெதுவாக வளரும் முகமே கடைசியில் மிஞ்சும். ஆகவே வேண்டிய முகத்தில் ஒட்டி அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைக் கரைசலில் சேர்க்கிறார்கள். 2002-இல் யுகாங் சுன்னும் யூனான் சியாவும் ஒரு பாலிமரைச் சேர்த்து வெள்ளியைக் கனசதுரங்களாக வளர்த்தது இப்படித்தான்.

வடிவத்துக்கு உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. கல்யாண வீட்டில் லட்டு அடுக்குவதை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் அடுக்கை முதல் அடுக்குக்கு நேர்மேலே வைக்கலாம், அல்லது மிச்சமுள்ள பள்ளங்களுக்கு மேலே வைக்கலாம். தங்கம் இயல்பாக இரண்டாவது முறையில் அடுக்கப்பட்டது. 2011-இல் ஜொகூர் பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹுவா சாங்கின் குழு முதல் முறையில் அடுக்கிய தங்கத் தகடுகளை உருவாக்கியது. கிராபீன் ஆக்சைடின் மேல் வளர்ந்த அந்தச் சதுரத் தகடுகளின் தடிமன் சுமார் 2.4 நானோமீட்டர். மின்னணுக் கற்றை பட்டால் அவை பழைய அடுக்குக்கே திரும்பின. மேற்பரப்பில் ஒட்டியிருந்த மூலக்கூறுகளை மாற்றினாலும் அடுக்கு மாறியதை அதே குழு 2015-இல் காட்டியது.

ஆக, கழுவும் நீரும் பூச்சும்கூட உள்ளமைப்பைக் கலைக்கக்கூடும். இலைச்சாறோ நூறு வகைப் பொருள்களின் கலவை. பருவத்துக்குப் பருவம் மாறும். எது எந்த முகத்தில் ஒட்டியது என்று பிரித்தறியாமல் வடிவத்தைக் கட்டுப்படுத்தினோம் என்பது மிகைப்பேச்சு. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்கள் அழகான ஒரே நுண்ணோக்கிப் படத்தோடு திருப்தியடையக் கூடாது. நூறு துகளில் எத்தனை முக்கோணம், எக்ஸ் கதிர்ச் சோதனை எந்த அடுக்கைக் காட்டியது, வினையில் பயன்படுத்திய பிறகு எது மிஞ்சியது என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.