எருதின் விலையைத் துண்டுக்குள் பேச விடாதீர்கள்

பொள்ளாச்சியில் போன செவ்வாய்ச் சந்தை முடிந்து கிளம்பிய லாரி ஒன்று கேரள எல்லைக்கு முன்பே மறிக்கப்பட்டதும், மாடுகள் கோசாலைக்குப் போனதும் ஊரறிந்த சேதி. அடுத்த வியாழச் சந்தையில் நடந்ததைத்தான் யாரும் பேசவில்லை. வந்த வியாபாரிகள் குறைவு, விலையும் இறங்கிவிட்டது. வழிமாமூல், பறிமுதல் பயம், வழக்குச் செலவு அத்தனையையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டுதான் துண்டுக்குள் தரகரின் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்திலேயே கயிற்றைப் பிடித்து நிற்கும் மாட்டுக்காரருக்கு, அந்தத் துண்டுக்குள் எவ்வளவு பேசி முடிந்தது என்பது தெரியாது. யாரோ கிளப்பும் கலவரத்துக்கு அபராதம் கட்டுவது அவர்தான்.

இது ஒரு லாரியோடு முடிகிற விஷயமல்ல. 1978-ம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆறு மாட்டுக்கு டீசல் போட்டால் கட்டுப்படியாகாது என்று வியாபாரிகள் அடைத்து ஏற்றுகிறார்கள். அதைக் காட்டியே மறிக்கிறார்கள். அறுப்புக்காகச் சந்தையில் மாடு விற்கவே கூடாதென்று மத்திய அரசு 2017 மே 23 அன்று விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை போட்டது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. விதி நின்றது, பயம் நிற்கவில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டில் பசுக்கள் 18 சதவீதம் கூடின. காளைகளும் எருதுகளும் 30 சதவீதம் குறைந்தன. டிராக்டரும் சினை ஊசியும் வந்த பிறகு ஆண் கன்றுக்குக் கட்டுத்தரையில் வேலையில்லை என்பது உண்மைதான். வயதான எருதுக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போனால், அதை யார் தீவனம் போட்டு வளர்ப்பார்கள்?

ஆகவே, மாடு வளர்க்கும் நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடும் குடும்பங்களிடம் கேட்கிறோம்: எங்களிடமே நேராக வாங்குங்கள். பங்குக்கறி நமக்குப் புதிதல்ல. ஆட்டைக் கூறு போடுகிறோமே. 300 கிலோ எருதில் எலும்போடு சுமார் 150 கிலோ தேறும். முப்பது குடும்பம் சேர்ந்தால் கூறுக்கு ஐந்து கிலோ. சட்டம் இடம் தராது என்பார்கள். பத்து வயது தாண்டி, உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம் என்று 1958-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பசுவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அதற்கு 1976 முதல் தடை இருக்கிறது. சுத்தம் இருக்காது என்பவர்களுக்கு: நகராட்சி அறுப்புக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து அறுக்கும் கறியை விட, எங்கிருந்து எப்போது வந்தது என்றே தெரியாத கறி எப்படிச் சுத்தமாகும்? கிழட்டு மாட்டுக் கறி முரடு என்ற புகார் நியாயமானது. குக்கரில் கூடுதலாக நாலு விசில் விட வேண்டும், அவ்வளவுதான். அதற்கேற்ற விலையையும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்ளலாம்.

மிச்சமிருக்கும் ஆட்சேபணை ஒன்றுதான்: அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? ராத்திரி சில்லி பீஃப் பொட்டலம் கட்டி வாங்கும்போது வராத கூச்சம், மாடு வளர்த்தவரின் பெயர் தெரிந்து வாங்கும்போது மட்டும் ஏன் வருகிறது? 2022-ல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இந்த ஊரிலோ சாப்பிடும் நீங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்கிறீர்கள். மறிப்பவர்களுக்கு அதுவே தைரியம். தமிழ்நாட்டில் எருமைகள் 2012 முதல் 2019 வரையிலான ஏழே ஆண்டில் 7.8 லட்சத்திலிருந்து 5.2 லட்சமாகிவிட்டன. எருதும் அதே வழியில் போகிறது. அடுத்த செவ்வாய்க்குள் முப்பது குடும்பங்கள் பெயர் கொடுத்தால் முதல் எருது சந்தைக்குப் போகாது. கொடுக்காவிட்டால் வழக்கம்போல லாரி ஏறும். அது மறிக்கப்படும்போது எங்களுக்காகப் பரிதாபப்பட வர வேண்டாம்.