தலையெழுத்தா? எலும்பரிப்பா?

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் “தலையெழுத்து” என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். லண்டன் வைத்தியர் ஸ்டீபன் பேஜெட் அப்படி உட்காரவில்லை. 1889-ல் அந்நோயால் மாண்ட 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து, விதை ஏற்ற மண்ணில் முளைப்பதுபோல் நோயும் சில உறுப்புகளில்தான் வேரூன்றுகிறதென்றார். எலும்பு அத்தகைய மண். அங்கே புகுந்த புற்று, எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது.

அவ்வரிப்பைத் தடுக்கவே சோலெட்ரோனிக் அமிலமும், 2010-ல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற டெனோசுமாபும் இருக்கின்றன. இவை புற்றை ஒழிப்பதில்லை. எலும்பு முறிவைக் குறைக்கும். சிலருக்குத் தாடையெலும்பு கெடுவதுமுண்டு. ஆதலால் முதலில் பல்லைச் சோதிக்க வேண்டும். தன் குறையைத் தானே சொல்வதுதான் விஞ்ஞானம்.

தோழர்களே! புற்றுநோயாளி எலும்பு வலிக்கிறதென்றால் விபூதி தேடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தலையெழுத்தாயிருந்தால் ஊசி மருந்துக்கு அது எப்படிக் கட்டுப்படும்?