மூன்று காலில் ஓர் அம்மா கரடி

மூன்றே காலில் நொண்டியபடி ஒரு கருங்கரடி ரோட்டைக் கடக்கிறது. பின்னாலேயே குட்டிகள். அமெரிக்கப் புறநகர்ப் பகுதிகளில் எடுக்கப்பட்ட இந்த மாதிரி வீடியோக்கள் அவ்வப்போது நம் போனுக்கும் வந்துவிடுகின்றன. 'ஐயோ பாவம், இது எப்படிக் குட்டிகளை வளர்க்கும்?' என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. படித்துப் பார்த்தபோதுதான், நாம் கவலைப்படும் இடம் வேறு, கரடிக்குச் சிக்கல் வரும் இடம் வேறு என்று புரிந்தது.

குட்டிகளைத் தூக்கிச் சுமப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். நம் ஊர்க் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் திரியும். அமெரிக்கக் கருங்கரடிக்கு அந்த வழக்கமே இல்லை. குளிர்காலக் குகையை விட்டு வெளியே வரும்போதே குட்டிகள் நடக்கும். ஆபத்து என்றால் அம்மா ஒரு சத்தம் கொடுக்கும், அவை மரத்தில் ஏறிவிடும்.

உண்மையான பரீட்சை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கரடிகள் இணைசேர்வது கோடையின் தொடக்கத்தில். ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. மாதக்கணக்கில் மிதந்தபடி காத்திருக்கும். இலையுதிர்காலம் முடியும்போது அம்மாவின் உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்திருந்தால்தான் அது வளரத் தொடங்கும். இல்லையென்றால் அந்த வருடம் குட்டி கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும் குட்டி அரைக் கிலோகூட இருக்காது. குகைக்குள் அம்மா எதுவும் சாப்பிடாமலே பால் கொடுக்கிறது. அந்தப் பாலில் கொழுப்பு மட்டுமே 20 சதவிகிதத்துக்கு மேல்! எல்லாம் சேமிப்பிலிருந்துதான்.

அதாவது, வீடியோவில் குட்டிகளோடு வரும் மூன்று கால் அம்மா, ஏற்கெனவே பாஸான அம்மா. தேறாதவை குட்டி இல்லாமல் தனியாகத் திரியும். அவற்றை யாரும் ஷேர் செய்வதில்லை.

வசந்தம் வந்த பிறகு கால் இல்லாதது உறைக்கும். மண்ணைத் தோண்ட வேண்டும், மட்கிய கட்டையைப் பிளந்து எறும்பும் புழுவும் தேட வேண்டும். அதைவிடச் சுலபம் வீட்டு வாசல் குப்பைத்தொட்டி. அம்மா எங்கே சாப்பிடுகிறதோ, அங்கேயே சாப்பிடக் குட்டிகளும் பழகுகின்றன. குப்பைக்குப் பழகிய கரடி காரில் அடிபட்டோ, 'ஆபத்தான கரடி' என்று சுடப்பட்டோ சாவது அங்கே சகஜம். மூன்று கால் அம்மாவைப் பார்த்து இரக்கப்பட்டுச் சாப்பாடு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, ஆண் கரடி. குட்டி வளர்ப்பில் அப்பாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. சில சமயம் குட்டிகளைக் கொன்றும் விடும். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் 2024-ல் 'சங்க்' என்ற பெரிய ஆண் கரடி தாக்கியதில் 'கிரேஸர்' என்ற தாயின் குட்டி ஒன்று செத்துப்போனது. திடமான கிரேஸருக்கே அந்தக் கதி என்றால், நொண்டும் அம்மா ஒதுங்கிப் போவதைத் தவிர வேறு என்ன செய்யும்?

அதே சங்க், 2025-ல் தாடை உடைந்து வந்து நின்றது. சண்டையில் உடைந்திருக்கலாம் என்கிறார்கள். பூங்கா ஊழியர்கள் சிகிச்சை எதுவும் தரவில்லை. இயற்கையாக வந்த காயத்தில் தலையிடுவதில்லை என்பது அவர்கள் பழக்கம். தொங்கும் தாடையோடு மீன் தின்று, 500 கிலோவைத் தாண்டி, அந்த வருடத்தின் குண்டுக் கரடிப் போட்டியில் ஜெயித்தும்விட்டது. (கிரேஸருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!)

ஆனால் 854 என்ற எண் கொண்ட 'டிவட்' என்ற பெண் கரடிக்கு அதே பூங்கா உதவியிருக்கிறது. 2014-ல் அது கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகி, சதையை அறுத்த நிலையில் ஆற்றுக்கு வந்தது. கம்பி மனிதன் வைத்தது. அதனால் மயக்க ஊசி போட்டு, கம்பியை எடுத்துவிட்டார்கள். காயத்தைக் கரடியே ஆற்றிக்கொண்டது.

பிறகு வந்த வருடங்களில் கழுத்தைச் சுற்றிய வடுவோடு அதே புரூக்ஸ் ஆற்றில் டிவட் சால்மன் பிடித்தது. கரையில் அதன் குட்டிகள் காத்திருந்தன.