கஞ்சாக் கடையும் கை கட்டப்பட்ட நகரசபையும்

கஞ்சா என்றதும் முகம் சுழிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ. அடிக்கலாமா கூடாதா என்று கதைக்க நான் வரவில்லை. கனடாவில் அந்தச் சண்டை 2018 ஒக்ரோபர் 17 உடன் முடிந்தது. கடை எங்கே வரவேண்டும் என்பதுதான் இப்போது என் பிரச்சினை.

ஒன்ராறியோ மாகாண அரசு நகரசபைகளிடம் ஒரேயொரு கேள்வி கேட்டது: உங்கள் ஊரில் கடை வேணுமா, வேண்டாமா? 2019 ஜனவரி 22 க்குள் பதில் சொல்லவேண்டும். ஓம் என்றால் பிறகு பின்வாங்க ஏலாது. அதோடு, கஞ்சாக் கடைக்கென்று தனி சோனிங் விதி போடும் அதிகாரமும் நகரசபைக்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பாடசாலையிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருந்தால் சரி. பூங்கா? குழந்தைகள் பராமரிப்பு நிலையம்? பக்கத்துக் கஞ்சாக் கடை? அதற்கெல்லாம் தூரக் கணக்கே கிடையாது.

வீட்டு வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்றெல்லாம் சட்டம் வைத்திருக்கிறது ரொறன்ரோ நகரசபை. அதே சபை, குயீன் வீதி மேற்கில் கஞ்சாக் கடைகள் வரிசை கட்டியபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றது. 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாமாம். ஆனால் பொதுச் சுகாதாரம், சிறுவர் பாதுகாப்பு, சட்டவிரோத வியாபாரம் என்ற மூன்று காரணங்கள்தான் எடுபடும். "ஏற்கெனவே நாலு கடை இருக்கு" என்பது அதில் இல்லை!

சரி, வேண்டாம் என்ற ஊர்கள்? மிசிசாகாவும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற மார்க்கமும் அப்படித்தான் சொல்லின. விளைவு என்ன? ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, கடை போடலாம். வடக்கே மார்க்கம், போடக்கூடாது. தெருவைக் கடக்க எத்தனை நிமிடம் ஐயா? அதுவும் வேண்டாம், அரசாங்கத்தின் இணையக் கடையே வீட்டு வாசலுக்கு அனுப்பிவைக்கும். மிசிசாகா 2023 இல் மனம் மாறி ஓம் என்றது.

"அதிகாரத்தைக் கொடுத்தால் எல்லா ஊரும் மறைமுகமாகத் தடை போட்டுவிடும்" என்பார்கள். நியாயமான பயம்தான். கலிபோர்னியாவில் 2016 வாக்கெடுப்பு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது, ஆனால் கடைகளைத் தடுக்கும் உரிமையை ஊர்களுக்கே விட்டது. ஏராளமான ஊர்கள் கதவைச் சாத்தின. அதற்காக நம் ஊர்களின் கையைக் கட்டவேண்டுமா? முழுத்தடை கூடாது, ஆனால் கடைக்கும் கடைக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்று நீங்களே தீர்மானியுங்கள் என்று இரண்டு வரியில் சட்டம் எழுத மாகாணத்துக்கு என்ன கஷ்டம்?